இடம் மாறாது

படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

அலுவலகத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து முதல் சிக்னலில் நின்றபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். ஸ்டீயரிங் பக்கத்துத் திரையின் மூலையில், வழக்கம்போல, வழியில் அடுத்து வரப்போகும் அடையாளத்தின் படம் தெரிந்தது. ஒரு பெட்ரோல் பங்க். அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் கட்டம். "பெட்ரோல் பங்கைத் தாண்டி வலது பக்கம் திரும்பவும்" என்றது குரல். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கட்டத்தை இன்று காலை போட்டதே அவள்தான். பளீரென்று வெயில் அடித்த படம் அது. தூணுக்கு அடியில் இருந்த நீல வாளிகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. இப்போதும் அதே தூண், அதே வாளி. தரை மட்டும் நனைந்து மின்னியது. வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவேயில்லை. அவள் நகர்ந்தாள்.

அவள் வேலை அதுதான். கூரையில் கேமரா வைத்த கம்பெனி கார்கள் ஊரெல்லாம் சுற்றிப் படம் எடுத்து அனுப்பும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அடையாளமாக எது உதவுமோ, அதைச் சுற்றி அவள் கட்டம் போட வேண்டும். தண்ணீர்த் தொட்டி, பெரிய மரம், மூலைக் கடை. கட்டம் போட்டதும் கீழே ஒரு கேள்வி வரும்: இது இடம் மாறுமா? மாறும் என்று அழுத்தினால் படம் குப்பைக்குப் போகும். மாறாது என்று அழுத்தினால் வரைபடத்தில் ஏறும். இன்று காலை முதல் புது முறை. அழுத்திய உடனேயே ஊரில் உள்ள எல்லா வண்டிகளின் திரைக்கும் போய்விடும். மனிதர்கள், நாய்கள், தள்ளுவண்டிகள் எல்லாம் மாறும் ரகம். தப்பித்தவறிப் படத்தில் விழுகிறவர்களின் முகத்தை இயந்திரமே தேய்த்து மழுப்பிவிட்டுத்தான் அவளிடம் அனுப்பும்.

அவளிடம் ஒரு குறை உண்டு. கட்டத்தை ஒட்டிப் போட மாட்டாள், தாராளமாகப் போடுவாள். பக்கத்து மேசைக்காரரை ஆபீசே சித்தப்பா என்றுதான் கூப்பிடும். அவர் எட்டிப் பார்த்துச் சொல்வார்: "கட்டம் போடச் சொன்னா பந்தல் போடுறியேம்மா." அவளும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவாள். இன்று மதியம் அதற்கும் நேரமில்லை. மகளுடைய நீச்சல் வகுப்பு இந்த வாரம்தான் ஊர்க் கோடியில் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. பள்ளி வேன் குழந்தையை அங்கே இறக்கிவிடும், வீட்டுக்காரர் போய் அழைத்துவருவார். இன்று அவர் வெளியூர். அவளுக்கு வழி தெரியாது. மழைக்கு முன் கிளம்ப வேண்டும் என்று மீதிப் படங்களை அரக்கப்பரக்க முடித்தாள். கட்டம், மாறாது. கட்டம், மாறாது. எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

பங்க் வந்தது. தூணுக்கு அடியில் நீல வாளி வழிந்துகொண்டிருந்தது.

ஏதோ புது ஏற்பாடு, நமக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டது மனதில் ஒட்டவில்லை. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தேய்க்க, கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுக்காற்றில் வெளுத்துப்போக, காருக்குள் அவள் போட்டிருந்த ஈர மழைக்கோட்டின் வாடையும் ஹீட்டரின் பொசுங்கல் வாடையும் கலந்து நெஞ்சை அடைத்தன. தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. திரையில் அடுத்த படம் வந்தது.

பூட்டிய ஒரு கடை, அதன் வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு மனிதர். கட்டம் கடையைச் சுற்றி இல்லை. அவரைச் சுற்றி இருந்தது.

சாவிக்காரர். அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எந்த வருஷத்துப் படத்தை எடுத்தாலும் அந்த மூலையில் அதே ஸ்டூலில் உட்கார்ந்து சாவி ராவிக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் இருந்த கடைதான் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. காலையில் சித்தப்பாதான் கிண்டலாகச் சொன்னார்: "கடையை விட இவர்தான் உறுதியா உக்காந்திருக்காரு. இவரையே போட்டுடு." அவளும் சிரித்துக்கொண்டே போட்டாள். மாறாது.

"அமர்ந்திருப்பவரைத் தாண்டி இடது பக்கம் திரும்பவும்" என்றது குரல்.

மூலையில் சின்னக் கூட்டம். குடைகள். அவள் வண்டியை மெதுவாக்கி ஜன்னலை இறக்கினாள். சாவிக்காரர் மழையில் உட்கார்ந்திருந்தார். கையில் அரம். மடியில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு அம்மாள் அவருடைய தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க... சொன்னாக் கேளுங்க, எந்திரிங்க..."

"என்னம்மா ஆச்சு?"

"காலைலேர்ந்து இப்படியே உக்காந்திருக்காரும்மா. நாலு பேரு சேந்து தூக்கியும் அசையல. ஸ்டூலும் அசையல. உடம்பு சூடா இருக்கு, நாடி ஓடுது. ஆனா மூஞ்சியைப் பாரேன்..."

அந்த அம்மாள் குடையை விலக்கினார். அவள் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். முகம் இருந்த இடத்தை யாரோ ஈரத் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தோலின் நிறம் மட்டும் இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கருநிழல்கள். அவை மட்டும் அசைந்தன. அவள் பக்கம் திரும்பி, அங்கேயே நின்றன.

பின்னால் வந்த கார் ஒன்று மெதுவாகி, அந்த மனிதரை ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு, இடது பக்கம் திரும்பிப் போனது.

அவளும் திரும்பினாள். சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"என்னம்மா, வீட்டுக்குப் போயும் ஆபீஸ் ஞாபகமா?"

"சித்தப்பா, அந்தச் சாவிக்காரர் படத்தை எடுத்துடுங்க. உடனே எடுங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

அவள் பார்த்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஏறினதை இங்கேர்ந்து எடுக்க முடியாதும்மா. அதே இடத்துக்குப் புதுசா ஒரு படம் வந்தா பழசு தானா போயிடும். அவ்வளவுதான் வழி." மறுபடி தட்டிப் பார்த்தார். "உன் பேர்ல இன்னும் ஒண்ணு இப்படி இருக்கும்மா. மத்தியானம் போட்டது, அப்பத்தான் எடுத்த படம். ஒரு கேட். நீ கேட்டுக்குத்தான் போட்டிருக்க, ஆனா பக்கத்துல நிக்கிற சின்னப் பொண்ணும் கட்டத்துக்குள்ள வந்துடுச்சு."

"என்ன கேட்?"

"நீச்சல் குளம்னு போர்டு தெரியுது. பொண்ணு கேமராவைப் பாத்துக் கையை ஆட்டுது."

கேமரா வைத்த காரை எங்கே பார்த்தாலும் அவளுடைய குழந்தையும் அப்படித்தான் கையை ஆட்டும். அம்மா ஆபீஸ் கார், அம்மா பார்ப்பாங்க என்று குதிக்கும். இன்று அம்மா பார்த்தாள்தான். முகம் மழுங்கியிருந்த ஒரு பெண்ணை, பார்க்காமல் பார்த்தாள்.

"பை இருக்கா சித்தப்பா?"

"மஞ்சள் பை. மீன் பொம்மை போட்டது."

திரையில் படம் மாறியது. கேட். மழை. மஞ்சள் பை. தூக்கிய ஒரு கை.

"நிற்கும் சிறுமியைத் தாண்டி இடது பக்கம் திரும்பவும். நீங்கள் சேர வேண்டிய இடமும் அதுவே."

"நம்ம கேமரா கார் எங்க இருக்கு இப்போ?"

"அந்தப் பக்கம்தான் சுத்திட்டிருக்கு, ஆனா மழைல..."

"அங்க அனுப்புங்க. கெஞ்சிக் கேக்கறேன் சித்தப்பா, அனுப்புங்க."

கடைசிச் சாலையில் வீடுகள் இல்லை. ஒரு பக்கம் நீண்ட மதில், மறுபக்கம் புதர். ஈர மண்ணின் வாடை, பிறகு குளோரின் வாடை. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. மெதுவானது. எதையோ பார்த்தது. இடது பக்கம் திரும்பிப் போனது.

கேட் பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. மழை வரும் என்று வகுப்பைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் போலிருந்தது.

குழந்தை நின்றாள்.

"பாப்பா!"

கை தூக்கியபடி. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஷூவுக்குள் தண்ணீர். போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு அவள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். உடம்பு சூடாக இருந்தது. தூக்கினாள். வரவில்லை. இன்னொரு தடவை தூக்கினாள். மதிலைத் தூக்குவது போல இருந்தது. தூக்கிய கையை மடக்கப் பார்த்தாள். ஒரு விரல்கூட மடங்கவில்லை. முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். துடைத்த தோலில் இரண்டு நிழல்கள் அவளையே பார்த்து அலைந்தன.

"அம்மா வந்துட்டேன்டா கண்ணு. அம்மா வந்துட்டேன்."

சாலை முனையில் வெளிச்சம் திரும்பியது. உயரமாக, கூரையில் எதையோ சுமந்துகொண்டு. கம்பெனி கார்.

புதுப் படத்தில் குழந்தை இருக்கக் கூடாது. நகர்த்தவும் முடியாது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஒன்றாக ஓடின. மழைக்கோட்டின் பொத்தான்களைப் பிய்த்து, அகல விரித்துக்கொண்டு, குழந்தைக்கு முன்னால் சாலையைப் பார்த்து நின்றாள். பை மறைந்தது. ஷூ மறைந்தது. அந்தச் சின்னக் கை மட்டும் அவள் தோளுக்கு மேலே தெரிந்தது. அவளும் கையைத் தூக்கி அதைத் தன் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

கார் கடந்து போனது. ஓட்டுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவின் கண்ணாடி மட்டும் மழையில் ஒரு கணம் மின்னியது.

கோட்டுப் பையிலிருந்த போனில் சித்தப்பாவின் குரல்: "வந்துடுச்சும்மா. ஆனா கேட்டே தெரியலையே. நீதான் முழுசா மறைச்சுக்கிட்டு நிக்கற."

"பாப்பா தெரியறாளா?"

"இல்ல. எங்கயும் இல்ல."

"அப்ப போடுங்க."

"எதுல போட? உன்னைத் தவிர ஒண்ணும் இல்லையேம்மா. கட்டம் போடாம படம் ஏறாது."

"தெரியும் சித்தப்பா. போடுங்க. மாறாதுன்னு அழுத்துங்க."

"உனக்குப் பைத்தியமா? எப்படிம்மா நான்..."

"அழுத்துங்க. அவ ரொம்ப நேரமா மழைல நிக்கறா."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு போனுக்குள் ஒரு சின்னக் கிளிக்.

உள்ளங்கைக்குள் விரல்கள் அசைந்தன. சின்னக் கை நழுவிக் கீழே இறங்கியது. அவளுக்கு அழுகையாக வந்தது, சந்தோஷமாக இருந்தது. திரும்பிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு மட்டும்தான் திரும்பியது.

"அம்மா? ஏம்மா இவ்ளோ லேட்டு? கை வலிக்குதும்மா."

குழந்தை அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அதற்குள் எல்லாம் நனைந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல ஆகிவிட்டிருந்தது. ஒரு மஞ்சள் நிறம். அதற்கு மேல் ஒரு சின்ன முகம், முழு முகம், கண்ணும் மூக்கும் வாயுமாக, நிமிர்ந்து அவளைப் பார்த்தது.

"வீட்டுக்குப் போலாம், வா." குழந்தை அவளுடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். இன்னும் ஒரு தடவை இழுத்தாள். பிறகு பிடியை விட்டுவிட்டாள்.

"அம்மா... உன் மூஞ்சி..."

பயப்படாதே கண்ணு. அம்மாதான். அங்கேயே நில். வாய் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

குழந்தை ஒரு அடி பின்னால் வைத்தாள். இன்னொரு அடி. நடைபாதையின் விளிம்பு. கண்ணை எடுக்காமல், அவளையே பார்த்தபடி, சாலைக்குள் இறங்கினாள்.

சாலை முனையில் வெளிச்சம் திரும்பியது. ஒரு கார். ஓட்டுகிறவரின் முகத்தில் திரையின் நீல வெளிச்சம். குனிந்து அதைப் பார்த்தார். நிமிர்ந்து மழைக்குள் தேடினார். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண். சரியாக இருந்தது. அவளையே பார்த்தபடி அவர் இடது பக்க விளக்கைப் போட்டார்.

குழந்தை இன்னொரு அடி பின்னால் வைத்தாள்.