மயில் நீல அலமாரி

"ஐயோ... அம்மா!"

பெயின்ட் வாசம் போகாத அந்தப் பங்சார் பங்களா ஒரு நிமிஷம் ஸ்தம்பித்தது.

அலறியவள் கெர்ட்ரூட். கிள்ளானில் திரைச்சீலை தைப்பவள். அவள் அம்மா சாந்தமேரி கொலையாகி நாலே நாள். 'இப்போ தைக்க முடியாது மேடம்' என்று துணியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், ஹால் மூலையில் அதைப் பார்த்துவிட்டாள்.

அலமாரி!

இடுப்பளவு உயரத்தில் தேக்கு அலமாரி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், உள்ளறையில், அம்மா மாதா சொரூபம் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றிய அலமாரி. இப்போது மயில் நீலத்தில் பளபளத்தது. மாதா நின்ற இடத்தில்...

விஸ்கி பாட்டில்கள்!

வீட்டுக்காரி குணபூசணி பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏன்மா இப்படிக் கத்துறீங்க? அது மினி பார். வின்டேஜ் பீஸ். வீட்டுக்கு ஒரு கேரக்டர் வேணும் இல்லையா?"

"கேரக்டரா? எங்கம்மா முட்டி போட்டு ஜெபம் பண்ண இடம் இது! உங்களுக்குக் குடிக்கிற இடமா?"

கெர்ட்ரூட் கையை வீசினாள். மூன்று பாட்டில்கள் மொசைக் தரையில் சிதறின!

"அடிப்பாவி! போலீஸைக் கூப்பிடுறேன்!"

"கூப்பிடுங்க! சீக்கிரம் கூப்பிடுங்க!"

குணபூசணி டெலிபோனை நோக்கி ஓடினாள். கடுகு மஞ்சள் சுவரில் படம் மாட்டிக்கொண்டிருந்தவன் ஏணியிலிருந்து இறங்கினான்.

லியனார்ட். ஊரார் வீட்டுப் பழைய சாமான்களை வாங்கி, வர்ணம் பூசி, பணக்காரர் வீடுகளை அலங்கரிப்பவன். சாந்தமேரி போய்வந்த அதே மாதா கோயிலைச் சேர்ந்தவன். செவ்வாய்க்கிழமை அவள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவன்.

"தங்கச்சி, கோபப்படாதே. அம்மா இதைக் கிறிஸ்மஸ் அப்பவே எனக்கு வித்துட்டாங்க லா. நாலு மாசமா என் ஷாப்புலதான் இருந்துச்சு."

"பொய்!"

"உனக்கு எப்படித் தெரியும்? நீதான் அந்த வீட்டுப் பக்கமே போறதில்லையே."

கெர்ட்ரூட்டுக்குச் சுருக்கென்றது. போன நவம்பரில் வாசுவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அம்மாவோடு பேச்சில்லை. பேசாமலேயே அம்மா போய்விட்டாள். அந்த வேதனையெல்லாம் இப்போது கோபமாகத்தான் வந்தது.

"அலமாரியை வித்த ஆத்திரத்துலதான் உன் தம்பி டொமினிக் குடிச்சிட்டு அடிச்சிட்டான். எனக்குத் தெரிஞ்சதைப் போலீஸ்ல சொல்லிட்டேன். என்ன பண்றது..."

டொமினிக் லாக்கப்பில் இருந்தான். 'அலமாரி ஞாயித்துக்கிழமை காலையில கூட வீட்டுல இருந்துச்சு!' என்று அவன் கதறியதை யாரும் நம்பவில்லை. குடிகாரன் பேச்சுக்கு எந்த ஸ்டேஷனில் மதிப்பு? லியனார்ட் சொன்னதுதான் எடுபட்டது. கேஸ் நின்றால் டொமினிக்குக்குக் கிடைப்பது தூக்குக் கயிறு!

ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ஜெயராஜ். டொமினிக்கைக் கைது செய்தவர். தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அடுத்தவங்க வீட்டுல பூந்து சாமானை உடைக்கிறீங்களா? தம்பிக்குத் துணையா உள்ள போகணுமா?"

"போறேன் சார்! கொலைகாரனை வெளியே விட்டுட்டு எங்க குடும்பத்தையே உள்ள போடுங்க!"

"வாயை மூடுங்க! சாட்சி இருக்கா?"

இல்லை. அவளிடம் ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தாள். இரண்டு ஆயில் பெயின்டிங்குகளுக்கு நடுவே, உள்ளறை அலமாரிக்கு மேலே தொங்கிய அம்மாவின் திருஇருதயப் படம்! அதுவும் அலங்காரம்!

"இதையுமா?"

"அதுவும் அலமாரியோட சேர்த்துக் கிறிஸ்மஸுக்கே வித்ததுதான் லா," என்றான் லியனார்ட்.

பாய்ந்து போய்ப் படத்தைக் கழற்றினாள். படத்தின் பின்னாலிருந்து ஏதோ நழுவிக் கீழே விழுந்தது.

குணபூசணி சலித்துக்கொண்டாள்.

"அந்தக் குப்பையா? நேத்தே தூக்கி வீசப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர். லியனார்ட்தான் சண்டைக்கு வந்துட்டார். 'அந்தக் கிழவி சொருகி வச்சது, படத்தோட வந்தது. மந்திரிச்ச ஓலை. குப்பையில போட்டா பாவம்'னு, அவரே திரும்பச் சொருகினார்."

லியனார்ட்டின் முகம் வெளுத்தது.

கெர்ட்ரூட் குனிந்து எடுத்தாள். ஓலையில் மடித்த சின்னச் சிலுவை. விரலால் வளைத்தாள். வளைந்தது. விட்டாள், நிமிர்ந்தது. நடுவில் இன்னும் இளம்பச்சை.

அவள் குரல் தணிந்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

"சார், நீங்க கோயிலுக்குப் போறவரா?"

"நான் முருகன் கோயில் லா. ஏன்?"

"இது குருத்தோலை. வருசத்துல ஒரே ஒரு நாள்தான் எங்க கோயில்ல மந்திரிச்சுக் குடுப்பாங்க. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு."

"அது எப்போ?"

"போன ஞாயிறு!"

இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார்.

"கிறிஸ்மஸுக்கே வித்த படத்துல, போன ஞாயித்துக்கிழமை ஓலையை எங்கம்மா எப்படி சார் சொருகினாங்க?"

"அது... போன வருசத்து ஓலை..." லியனார்ட் உளறினான்.

"போன வருசத்து ஓலை வளையுமாண்ணே? தொட்டா நொறுங்கும்!"

"இல்ல... நான் வச்சது! என் ஓலை!"

"என்ன லியனார்ட்?" குணபூசணி குறுக்கிட்டாள். "அந்தம்மா வச்சதுன்னு நீங்கதானே என்கிட்ட சொன்னீங்க?"

லியனார்ட் ஓடினான்!

மூன்று எட்டு வைத்திருப்பான். தரையெல்லாம் விஸ்கி. கால் வழுக்கி, மயில் நீல அலமாரியின் காலடியிலேயே மல்லாந்து விழுந்தான். ஜெயராஜின் பூட்ஸ் அவன் நெஞ்சில் ஏறியது.

"சொல்லு!"

"அடுத்த வாரம் வீடு குடிபுகுறாங்க... அதுக்குள்ள பார் வேணும்னாங்க... எத்தனை தடவை கேட்டும் கிழவி விக்க மாட்டேன்னா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனேன். அலமாரியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. தள்ளினேன்... தலை சுவத்துல..."

"அம்மா பெட்டியையும் தூக்கினியே... த்தூ!"

கெர்ட்ரூட் காறித் துப்பினாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

ஜெயராஜ் விலங்கை மாட்டிவிட்டு டெலிபோனை எடுத்தார். "டொமினிக்கை வெளியே விடுறதுக்கு ரெடி பண்ணுங்க. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்." பிறகு கெர்ட்ரூட்டின் முன் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

அவள் கையிலிருந்த சிலுவையையே லியனார்ட் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதான்.

"தங்கச்சி... அந்த ஓலையைக் கீழ மட்டும் போட்டுடாதே. பெரிய பாவம்..."

கெர்ட்ரூட் அதைப் பத்திரமாகப் படத்தின் பின்னால் சொருகினாள்.

"பத்துக் கட்டளையை இன்னொரு தடவை படிங்கண்ணே! கொலையைப் பத்தி இருக்கு... ஓலையைப் பத்தி ஒண்ணுமே இல்ல லா!"