காற்று ஆகாதவள்

சனிக்கிழமை மதியப் பேருந்தில் அக்காவின் ஊரான கிகிண்டாவுக்குப் போய் இறங்கினேன். அக்கா ராத்மிலா முற்றத்து மல்பெரி மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை அப்படியே விரித்துப் போட்டிருந்தாள்.

"வாங்க மெக்கானிக்கம்மா! மாலை வகுப்புல படிச்சது ஞாபகம் இருக்கா, இல்ல பஸ்ஸிலயே விட்டுட்டியா?"

"பாதி இருக்கு."

"அந்தப் பாதிய வச்சு இந்தக் காரைக் குளிர வை. நாளைக்கு நோவி சாட் ஆஸ்பத்திரிக்குப் போகணும். போன வாரம் வெயில்ல மயங்கி விழுந்தேன். இன்னொரு தடவை சூடு ஏறினா குழந்தைக்கு ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்."

கார் பக்கத்து வீட்டு திஹோமிரிடம் வாங்கியது. "ஏசி புதுசு மாதிரி இருக்கும். என் தாரிங்கா ஒருநாளும் போட விட்டதில்ல" என்று சொல்லித்தான் விற்றாராம். போட்டால் சூடான காற்று வந்தது.

அவர் மனைவி தாரிங்காவை எனக்கும் தெரியும். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் ஊடே அடிக்கும் காற்றை நாங்கள் புரோமாயா என்போம். கழுத்து பிடித்துக்கொள்ளும், காது போய்விடும், ஈரத் தலையில் பட்டால் மூளைக்கே ஆபத்து. இந்தப் பயம் எங்கள் நாட்டில் எல்லோருக்கும் உண்டு. தாரிங்காவுக்கு ஒருபடி அதிகம். கோடையிலும் பிளம் சாராயத்தில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றியிருப்பாள். போன ஆகஸ்டில் இறந்துபோனாள்.

வகுப்பில் சொன்ன வரிசைப்படியே பார்த்தேன். இன்ஜினை ஓடவிட்டதும் கம்ப்ரஸர் டக்கென்று பிடித்தது. குழாயைத் தொட்டேன். சில்லென்று வியர்த்திருந்தது. குளிரூட்டும் வாயு குறையவில்லை. குளிர் உண்டாகிறது, ஆனால் உள்ளே வரவில்லை. அப்படியானால் சூட்டையும் குளிரையும் பிரித்துவிடும் மடல் சூட்டுப் பக்கம் சிக்கியிருக்க வேண்டும். என் கணிப்பில் எனக்கே நம்பிக்கை இல்லாததால் குழாயை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தேன்.

அக்கா பின் சீட்டில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். "இது மெத்துனு இருக்கு. நீ உன் வேலையப் பாரு."

நான் முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். உள்ளே தேங்கிய சூடு முதலில் வெளியேற வேண்டும். இருபுறமும் ஜன்னல்களை முழுக்க இறக்கினேன். காற்று குறுக்கே பாய்ந்தது. அக்காவின் ஈரக் கூந்தல் அலைந்தது.

"ச்சு" என்றது ஒரு குரல்.

"என்னக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

ஜன்னல்கள் மெதுவாக ஏறத் தொடங்கின.

பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நிற்கவில்லை. கண்ணாடிகள் மேலே போய் மூடிக்கொண்டன. பூட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"விளையாடாத யாஸ்னா."

"நான் இல்லக்கா."

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தேன். இன்ஜின் நின்றது. காற்று நிற்கவில்லை. முன்னைவிடச் சூடாக வந்தது. அதில் பிளம் சாராய வாசனை.

எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கும். அந்த மடலைத் திருப்பிவிட்டால் போதும். டாஷ்போர்டின் சிறு பெட்டியைக் கழற்றி, உள்ளே கையை விட்டேன். மடல் அகப்பட்டது. குளிர்ப் பக்கம் தள்ளினேன். சுலபமாகத் திரும்பியது.

பிறகு, அதே சுலபத்தோடு, என் விரல்களைத் தள்ளிக்கொண்டு மூடியது.

மறுபடி தள்ளினேன்.

மடலுக்கு அந்தப் புறத்தில் விரல்கள் இருந்தன. மெலிந்தவை, வெதுவெதுப்பானவை. முரட்டுத்தனமே இல்லை. தூங்கும் பிள்ளைக்காக ஜன்னலைச் சாத்துகிற கை அப்படித்தான் இருக்கும்.

"யாஸ்னா… மூச்சு முட்டுதுடி." அக்காவின் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. கண்கள் செருகத் தொடங்கின.

ஸ்பானரால் கண்ணாடியை அடித்தேன். கீறல்கூட விழவில்லை. கதவை உதைத்தேன். கத்தினேன். தெருவில் ஒருவரும் இல்லை.

அக்காவின் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின் சீட்டுக்குத் தாவினேன். என் வேலைச் சட்டையைக் கழற்றி, ஈரக் கூந்தலைச் சுற்றி, காது இரண்டும் மறைய இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"இனிமே காத்து படாது தாரிங்கா அத்தை" என்றேன். "பாருங்க, நல்லா மூடிட்டேன்."

நெடுநேரம் போனதுபோல் இருந்தது.

டக். பூட்டுகள் எழும்பின.

அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தேன். நிலவறைக் குளிர்ச்சியில் படுக்கவைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை அசைகிறது என்றாள். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் சாவியை எடுக்கப் போனேன். வேலிக்கு அப்பால் திஹோமிர் நின்றிருந்தார். இன்ஜினைப் போட்டுப் பார்த்தேன். பனிக்காற்று வந்தது.

"சரியாயிடுச்சு மாமா! நல்லா குளிருது."

அவர் வேலியைச் சுற்றி வந்து காற்றில் கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டு சிலுவை போட்டார்.

"அவ உசிரு போனதே இந்தப் பின் சீட்டுலதான். ஜன்னலைத் திறக்கிறேன், திறக்கிறேன்னு வழியெல்லாம் கெஞ்சினேன். விடலையே." காரின் உள்ளே எட்டிப் பார்த்தார். "குளிருதுன்னா… அவ இறங்கிட்டா."

மறுநாள் வழியெல்லாம் குளிராக, பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். புதன்கிழமை அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாலையில் நான் வார்டுக்குப் போனபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். புழுக்கத்துக்காகக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார்கள். நர்ஸ் தொட்டிலைக் குனிந்து பார்த்து அதட்டினாள்.

"ஏம்மா, இந்த வெக்கையில பச்சக்குழந்தைக்கு இப்படியா சுத்துவீங்க? காதையெல்லாம் மூடி! எப்படி வேர்த்திருக்கு பாரு."

"நான் இப்பத்தானே வர்றேன்."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். சாராய வாசனை எழுந்தது.

எனக்குப் பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. பிறகு ஜன்னல்.

"ச்சு."