திங்கட்கிழமை மட்டும் எரியும் விளக்கு

அந்தப் பழைய வேன் பட்டறைக்குள் வந்து நின்றபோது, அதை ஓட்டி வந்தவளின் முகத்தைவிட முன்பலகையில் எரிந்த மஞ்சள் எஞ்சின் விளக்குதான் பிரகாசமாக இருந்தது.

"அண்ணே, நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில வண்டி சோதனை. இந்த விளக்கு எரிஞ்சா ஒப்பந்தம் போச்சு. ஆறு வருஷமா நர்ஸுங்கள ஏத்திட்டுப் போறேன். ஒருநாள்கூட லேட்டானதில்ல." அவள் வேனின் சாவியை நீட்டினாள்.

மெக்கானிக் மெல்ல எழுந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அதற்குள் அவருடைய மனைவியின் தம்பி வேனுக்குள் பாதி உடம்பை நுழைத்துவிட்டார். நாற்பது வயது, இன்ஷூரன்ஸ் விற்பதை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்காரரின் பட்டறையில் ஒட்டிக்கொண்டவர். கோளாறு படிக்கும் கருவியைக் கையை விட்டு இறக்காததால் ஊரே அவரை 'ஸ்கேனர்' என்றுதான் கூப்பிடும். அதில் அவருக்குப் பெருமைதான்.

"கெடச்சிடுச்சு அத்தான்! காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு கருவியில கோளாறுக் கோடு நம்பர் காட்டுது. ஆக்சிஜன் சென்சார் போச்சு. மாத்திடலாமா?"

"ரெண்டு தடவை மாத்தியாச்சுண்ணே," என்றாள் அவள். "ரெண்டு பட்டறையில."

ஸ்கேனருக்கு முகத்தில் அசடு வழிந்தது. மெக்கானிக் சிரிக்கவில்லை. "விளக்கு எப்பெப்ப எரியும்மா?" என்று கேட்டார்.

"திங்கட்கிழமை காலையில எரியும். வண்டி கொஞ்சம் குலுங்கும். வியாழக்கிழமைக்குள்ள தானா அணைஞ்சிடும். காரணம் எனக்குத் தெரியும்." முன்னிருக்கையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கொழுந்தனை அவள் கையால் காட்டினாள். "ஞாயித்துக்கிழமையானா இவன் வண்டிய எடுத்துட்டு ஊர் சுத்துவான். எங்கேயோ கண்ட பெட்ரோலைப் போட்டுக் கொண்டாந்து நிறுத்துறான்."

"சத்தியமா இல்ல அண்ணி! நீங்க போடுற பங்க்லதான் நானும் போடுறேன்."

பின்னிருக்கையில் இருந்த அவளுடைய மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருமகள் வண்டி ஓட்டக் கூடாது என்று ஆறு வருஷத்துக்கு முன்பு வீட்டையே இரண்டாக்கியவர். ஸ்கேனருக்கு அவர்மேல்தான் சந்தேகம் விழுந்தது. அத்தானின் காதில் அதைச் சொல்லியும் விட்டார்.

"எல்லா திங்கட்கிழமையுமா எரிஞ்சது?" என்றார் மெக்கானிக்.

அவள் யோசித்தாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி ஒருதடவை மட்டும் எரியல. அந்த ஞாயித்துக்கிழமை தெருவுல குழாய் வெடிச்சுக் குடிக்கவே தண்ணியில்லாம அல்லாடினோம். அதான் நல்லா ஞாபகம் இருக்கு."

"அன்னைக்கும் இவர் வண்டிய எடுத்தாரா?"

"எடுத்தான்."

மெக்கானிக் தலையசைத்துவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தார். ஸ்கேனர் வாயைப் பிளந்தார். பதினெட்டு வருஷத்து எஞ்சின் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, தூசி இல்லை.

"பாத்தீங்களா, எவ்வளவு நல்லா வச்சிருக்காங்க!" என்றார் ஸ்கேனர்.

"பாத்தேன். அதான் கோளாறே."

நான்கு பேரும் சுற்றி நின்றார்கள். மெக்கானிக் ஒரு திருகைக் கழற்றி, இரண்டாவது ஸ்பார்க் பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை உருவினார். அதன் ரப்பர் உறையில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. கீழே பிளக் இருந்த குழியில் டார்ச் அடித்தார். அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"கோடுங்கறது சாட்சி சொல்ற வாக்குமூலம், தீர்ப்பு இல்ல," என்றார் நிதானமாக. "இந்த வெடிப்பு வழியா குழிக்குள்ள தண்ணி எறங்கி நின்னா இந்த பிளக் ஒழுங்காப் பொறி தட்டாது. எரியாத காத்து அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். அங்க இருக்குற சென்சார், 'காத்து அதிகமா வருது'ன்னு உண்மையத்தான் சொல்லுது. உண்மை சொன்ன சாட்சியவே ரெண்டு தடவை தூக்கிப் போட்டிருக்காங்க. எஞ்சின் சூட்டுல தண்ணி வத்த நாலு நாளாகும். அப்புறம் விளக்கு தானா அணைஞ்சிடும்."

"அப்ப பெட்ரோல்?" என்றாள் அவள்.

"பெட்ரோல்னா குழாய் வெடிச்ச வாரமும் எரிஞ்சிருக்கணுமே. அன்னைக்கு உங்க கொழுந்தன் வண்டிய எடுத்தார். வீட்டுல தண்ணி மட்டும்தான் இல்ல. ஆக, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் யாரோ எஞ்சினுக்குள்ள ஹோஸ் பைப்பை விட்டுக் கழுவுறாங்க."

கொழுந்தன் இரண்டு கையையும் விரித்தான். "நான் என் பனியனையே கழுவுறதில்ல அண்ணே."

யாரும் சிரித்து முடிக்கவில்லை. மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான்." அவர் மருமகளைப் பார்க்காமலே பேசினார். "நீ கோயிலுக்குப் போற நேரத்துல கழுவுவேன். வண்டி ஓட்டாதேன்னு அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். தப்புன்னு சொல்ல வாய் வரல. வண்டியாவது பளபளன்னு இருக்கட்டும்னு..."

ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று நகர்ந்தது போலிருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா," என்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு கொழுந்தன் பக்கம் திரும்பி, "நீ என்னை மன்னிச்சுக்கடா," என்றாள்.

மெக்கானிக் குழியைக் காற்றடித்துக் காய வைத்து, புது ரப்பர் உறை மாட்டினார். கருவியில் கோளாறுப் பதிவை அழிக்கும் பொத்தானை அழுத்தும் மரியாதை ஸ்கேனருக்குக் கிடைத்தது. பழைய சென்சாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே பட்டறை வாசலில் வந்து நின்றது. அவள் ஒப்பந்தக் காகிதத்தைக் கொடி மாதிரி ஆட்டினாள். முன்பலகை இருட்டாக இருந்தது. முன்னிருக்கையில் கொழுந்தன் இல்லை. மாமனார் மடியில் ஒரு காய்ந்த துணியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வழியெல்லாம் அந்த விளக்கையே முறைச்சுப் பாத்துட்டு வந்தார்ணே," என்றாள் அவள். "எரியல, எரியலன்னு ஒவ்வொரு சிக்னல்லயும் கத்துறார்."

"எரியாது தம்பி," என்றார் மாமனார் ஸ்கேனரைப் பார்த்து, ஏதோ தானே பழுது பார்த்தது போல. "என் மருமக ஓட்டுற வண்டி."