குளத்துக்கு மேலே

“தப்பு,” என்றார் வனக்காவலர் செங்கமலம். மெர்லினின் முகம் சுண்டிப்போனது. தப்பு என்ற சொல்லை அவள் அவ்வளவாகக் கேட்டுப் பழகியதில்லை.

சிறுமலையிலிருந்த அந்த வனப் பூங்காவில் வழிகாட்டி யாரும் கூட வருவதில்லை. ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, அவ்வளவுதான். காட்டுக்குள் நான்கு கம்பங்கள்; கம்பத்துக்கு ஓர் எழுத்து. நான்கையும் கண்டுபிடித்துச் சரியான சொல்லைச் சொன்னால் நுழைவாயில் மணியை அடிக்கலாம். அந்த மழைக்காலத்தில் ஒருவரும் அடித்தபாடில்லை. விடுதித் தோழிகளான மெர்லினும் பேச்சியம்மாளும் கா, ந், த மூன்றையும் பிடித்துவிட்டார்கள். நான்காவது மட்டும் கண்ணாமூச்சி காட்டியது. திசைகாட்டி விளையாட்டில் வேறென்ன இருக்கும், ‘காந்தம்’தான் என்று மெர்லின் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

பார்க்காததைச் சொல்லாதே என்று பேச்சி முதலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள். இப்போது வரைபடத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு தனியாகக் காட்டுக்குள் போனாள். போகட்டும், சுற்றி அலுத்து வருவாள் என்று மெர்லின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றாள்.

பஜ்ஜி தீருவதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. அப்போது செல்போன் அடித்தது.

“ஏட்டி, காலு பெரண்டுட்டு. எந்திரிக்க முடியல. கொளத்துக்கு மேல கெடக்கேன்...”

அதோடு இணைப்பு அறுந்தது. பொழுது சாய்ந்தால் காட்டுமாடுகள் அந்தக் குளத்துக்குத்தான் தண்ணீர் குடிக்க வரும். செங்கமலம் வாக்கிடாக்கியில் ஆள் கூப்பிட்டார். நில் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மெர்லின் பாய்ந்துவிட்டாள்!

குளத்துக்கு மேலே என்றால் பாறைச் சரிவு. வேர்களைப் பிடித்து ஏறினாள். முழங்கை சிராய்த்தது. உச்சியில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். பதிலே இல்லை. தனியாக விட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அழுதால் ஆகுமா? மூச்சை இழுத்துவிட்டு யோசித்தாள். பேச்சி கல்லிடைக்குறிச்சிக்காரி. வீடு மேலத்தெருவில். விடுமுறைக்குப் போனபோது, மேலத்தெருவில் மேடே இல்லையே என்று மெர்லின் கேலி செய்ய, வீடே சிரித்தது. அந்த ஊரில் மேல என்றால் மேற்கு!

இவள் ஏறி நிற்பதோ கிழக்குச் சரிவு. சறுக்கியபடியே கரைக்கு இறங்கினாள். பனியில் எதிர்க்கரை தெரியவில்லை. திசைகாட்டி முள்ளை நிதானமாகப் பார்த்து, மேற்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரோரமாகவே சுற்றினாள். பக்கத்தில் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. கரிய முதுகு ஒன்று தண்ணீரில் குனிந்திருந்தது. மெர்லின் அசையாமல் நின்றாள். காட்டுமாடு ஆற அமரக் குடித்தது; தலையை ஆட்டிக்கொண்டு மூங்கிலுக்குள் போனது. அதன் பிறகுதான் அவள் அடுத்த அடி எடுத்து வைத்தாள்.

பேச்சி ஒரு பள்ளத்தில் கிடந்தாள். தலைக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த கொடிப் புதர். மெர்லின் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அழுவாத. அங்க பாரு,” என்றாள் பேச்சி. கொடிக்குள் புதைந்திருந்தது நான்காவது கம்பம். நின்று பார்த்தால் வெறும் பூ. விழுந்து கிடந்தவளுக்கு அடியிலிருந்து தகடு தெரிந்திருக்கிறது. அதில் ‘ள்’. மூடியிருந்த பூவும் காந்தள்தான்!

வழியில் எதிர்ப்பட்ட காவலர்கள் தூக்க வந்தபோதும் மெர்லின் விடவில்லை. தோழியை உப்புமூட்டை தூக்கியே வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். செங்கமலம் முதலில் இருவரையும் ஆத்திரம் தீரத் திட்டினார். பிறகு சொல்லைக் கேட்டார், மணிக்கயிற்றை நீட்டினார். மெர்லின் அதைப் பேச்சியின் கையில் கொடுத்தாள். மணி மலையெல்லாம் கேட்டது.

அந்தக் கம்பத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார் செங்கமலம்.

“இவதான் கண்டுபிடிச்சா மேடம். நான் கண்டுபிடிச்சது இவள மட்டும்தான். இத்தன நாளா இவ பேச்சக் காதுல வாங்காம இருந்தேன். இன்னிக்கு வாங்கினேன், பேச்சி கிடைச்சா.”