இத்தா வீட்டுத் திரை

திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். கைருன்னிஸா அப்போது பேசிக்கொண்டிருந்தாள். இருமலுக்கு நடுவிலும் அவள் பேச்சு அறுபடவில்லை.

பதியுதீன் வழக்கம்போலத் தலையைக் குனிந்து, தன் கால்விரல்களைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். பொலிஸில் முப்பது வருஷம் இருந்து சார்ஜனாக ஓய்வுபெற்றவர். அதற்குப் பிறகு மாப்பிள்ளைமாரைப் பற்றி விசாரித்துச் சொல்வதே அவர் பிழைப்பு. எவன் குடிக்கிறான், எவனுக்குக் கட்டாரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது என்பதெல்லாம் கல்முனையில் அவருக்குத்தான் முதலில் தெரியும். சாவை விசாரிக்கக் கூப்பிட்ட முதல் ஆள் இந்தக் கைருன்னிஸா. அவள் புருஷன் ஹிஷாமை நாவிதன்வெளி வயலில் யானை அடித்தது என்று ஊரே நம்பிவிட்டது. யானை இல்லை, கொலை என்று ஒரு கதை அடிபடுகிறது, கண்டது யார் என்று அறிந்து சொல்லுங்கள் என்றாள் அவள்.

அவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தாகி நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை அந்நிய ஆண் அவளைப் பார்க்கக் கூடாது. ஆகவே அறைவாசலில் கட்டிய பச்சைச் சீலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். இன்றோடு மூன்று முறை வந்தும் அவள் நகத்தைக்கூட அவர் கண்டதில்லை. காண விரும்பியதும் இல்லை. வாப்பா உயிரோடு இல்லை, கூடப் பிறந்த ஆண்கள் இல்லை, பிள்ளையும் இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அந்த அறைக்குள் கால் வைக்க உலகத்தில் ஓர் ஆணுக்கும் உரிமை கிடையாது.

இருமியது ஆண்.

பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். இத்தா இருக்கும் பெண்ணைப் பற்றி வேறுமாதிரி நினைப்பது பாவம். வாய்க்குள் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டார், நல்ல மனிதர்.

அஸர் தொழுகை முடிந்து வெயில் சாய்ந்திருந்தது. சாம்பிராணிப் புகைக்குள் கடற்கரையில் காயும் கருவாட்டின் வாடை கலந்து வர, மின்விசிறிக் காற்றில் சீலை உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"தங்கத்துரையும் போயிட்டார் புள்ள," என்றார். "முழங்கால் தண்ணி வாய்க்கால்ல. எட்டுச் சடங்கும் முடிஞ்சி."

"பாவம்," என்றது திரை.

தங்கத்துரை, ஹிஷாமின் பக்கத்து வயல்காரர். மோட்டார்சைக்கிளில் வந்த ஒருவன் ஹிஷாமை மண்வெட்டியால் அடித்ததைக் காவல் குடிலில் இருந்து கண்டவர். பயத்தில் மூடியிருந்த வாயை, நான் இருக்கிறேன் என்று சொல்லித் திறக்கவைத்தவர் பதியுதீன். அந்தப் பெயரை இதே கதிரையில் இருந்து இவளிடம் சொன்ன நாலாம் நாள் ஆள் இல்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அவரத் தவிர வேற ஆரும் காணல்லயா காக்கா?" அண்ணனைக் கூப்பிடுவதுபோல அப்படித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"பெண்சாதி வல்லியம்மையும் கண்டிரிக்கி. முகத்தக் கண்டா அடையாளம் சொல்லுவனெண்டிச்சி. நாளைக்கி பொலிசுக்குக் கூட்டிப் போறன்."

"இப்ப ஆரோட இரிக்காங்க?"

"சவளக்கடை வீட்டுல தனியத்தான். மகள் குவைத்துல."

"நாய் கீய் இரிக்கா?"

"இல்ல புள்ள."

முப்பது வருஷம் மற்றவர்களைக் கேள்வி கேட்டவர், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே செருப்பு தேய்ந்தது. பின்கதவின் தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. ஒரு மோட்டார்சைக்கிளை ஒழுங்கை வழியே தெரு வரை தள்ளிக்கொண்டு போகும் சத்தம், பிறகு தூரத்தில் அது உயிர்பெறும் சத்தம்.

"தேத்தண்ணியக் குடிங்க," என்றாள். ஹிஷாமுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதியதை, வந்த சனத்தை, சாப்பாடு பற்றாமல் போனதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மிருதுவான குரல். அவசரமில்லாத குரல். அவர் ஓம், ஓம் என்றார். இஞ்சித் தேத்தண்ணி ஆறியது. கிட்டங்கிப் பாலம் தாண்டினால் சவளக்கடை. மோட்டார்சைக்கிளுக்குப் பத்து நிமிஷம்.

கண்டது யார் என்று கேட்டிருக்கிறாள். காவலுக்கு நாய் உண்டா என்று கேட்டிருக்கிறாள். துணைக்கு ஆள் உண்டா என்று கேட்டிருக்கிறாள்.

கொன்றவன் யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

பதியுதீன் தலையை நிமிர்த்தினார். போனை எடுத்தார். வல்லியம்மையின் இலக்கத்தை அழுத்தினார். மணி போனது. போனது. போனது.

"புள்ள வல்லியம்மை, கதவப் பூட்டு. ஆர் வந்தாலும்..."

"ஆ, சார்ஜன் ஐயா. நீங்க அனுப்பின ஆள் இப்பதான் வந்தவர். சாமி கும்பிட்டுத் திண்ணீறு பூசக்குள்ள கூப்பிட்டார், முகத்தக்கூட பாக்கல்ல. கதிரையில இருக்கச் சொன்னனான்."

"நான் ஆரையும் அனுப்பல்ல."

அந்தப் பக்கம் வல்லியம்மை திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.

"ஐயா," என்றாள், மிக மெதுவாக. "இவன்தான்."

கதிரை விழுந்தது. போன் தரையில் மோதியது. ஆனால் தொடர்பு அறுபடவில்லை.

பதியுதீன் எழுந்தார். போக வேண்டும். பத்து நிமிஷம். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். கையில் இருந்த போனுக்குள் ஒரு பெண் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாம் முறை பாதிப் பெயர். பிறகு பெயரில்லை, வெறும் சத்தம்.

சீலை விலகியது.

வெள்ளை உடுத்து, முக்காடு போட்ட ஒருத்தி வெளியே வந்து நின்றாள். சின்ன வயது. அழகான, அமைதியான முகம். அவரை அவள் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, தலையைச் சரித்து, பக்கத்தில் வந்தாள்.

"கொஞ்சம் சத்தத்தக் கூட்டுங்க காக்கா," என்றாள்.