பயத்தை அடைத்த கல்

அந்தியோகா முற்றத்துக்குள் நுழைந்தபோது அவள் அண்ணன் காவினு அந்தக் கல்லின் மேல்தான் பன்றித் தொடைக்கறியை மெல்லிசாகச் சீவிக்கொண்டிருந்தான். மறுநாள் வெளியூர் விருந்தாளிகள் வருகிறார்கள். பண்ணை வீட்டை விடுதியாக மாற்றியதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு மரக்கட்டைகளின் மேல் மேசைப்பலகையாகக் கிடந்தது அந்த ஆள் நீளக் கல்.

"கல்லை எடுத்த எடத்துலயே வச்சிரு அண்ணே. அவரு தண்ணிகூட முழுங்க மாட்டேங்கிறாரு."

"ஒன் புருசன் வாய மூடிட்டான்னு ஊரே எனக்கு நன்றி சொல்லுது. நீ வேற," என்றான், கத்தியை நிறுத்தாமலே.

அந்தக் கத்தியைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

அது அவர்கள் மேய்ச்சல் நிலத்து அரக்கர் கல்லறையின் கல். இத்தாலியின் சர்தீனியாத் தீவில் அப்படிப்பட்டவை நிறைய உண்டு. பிறை வடிவில் நட்ட கற்கள், நடுவில் எல்லாவற்றிலும் உயரமான ஒன்று, அதன் அடியில் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு வாசல். வாசலை அடைத்துச் சாத்தியிருந்த பலகைக்கல்தான் இப்போது காவினுவின் மேசை. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆராய வந்த பேராசிரியருக்கு அது இடுகாடு. பாதிரியாருக்கு அந்தப் பேச்சே ஆகாது. காவினு விருந்தாளிகளிடம் சூரியன் கோயில் என்று அளந்துவிடுவான்.

ஊர்ப் பெண்களிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை. பாம்பையோ பிணத்தையோ பார்த்துப் பயந்து நடுங்குகிறவர்களை அவர்கள் அங்கேதான் கூட்டிப்போவார்கள். அடைத்த வாசலுக்கு முன்னால் மண்ணில் படுக்கவைத்து, அந்த வீட்டுப் பெண் உருட்ட வேண்டும். பயம் மண்ணில் இறங்கி வாசல் வழியே உள்ளே போய்விடும். எழுந்திருப்பவருக்கு எதைக் கண்டு பயந்தோம் என்பதே மறந்துபோகும். அந்தியோகாவையும் சின்ன வயதில் அவள் அம்மா உருட்டியிருக்கிறாள். நாலு வயதுத் தம்பி மியாலினு கிணற்றில் விழுந்து செத்த மறுநாள் அது. அன்றைக்கு எதைப் பார்த்து அப்படி நடுங்கினாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

காவினுவுக்கு இதெல்லாம் பொம்பளைக் கதை. டிராக்டரில் சங்கிலி கட்டி அந்தக் கல்லை அவள் புருஷன் பாக்கீஸை வைத்தே இழுக்கவிட்டான். சாவு வீட்டிலும் ஆட்களைச் சிரிக்கவைக்கிற பாக்கீஸ் அன்று வாய் பூட்டியபடி வீடு வந்தான். வெயில் தாக்கியிருக்கிறது என்று டாக்டர் ஊசி போட்டார். ஒரு பலனும் இல்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய், கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தான்.

அவளே உருட்டுவது என்று முடிவு செய்தாள். ஆகஸ்ட் உச்சி வெயிலில் ஊரே ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் சூரியனின் தாய் என்கிற பேய் வெளியே அலைகிறது என்று ஒருவரும் தலைகாட்ட மாட்டார்கள். வேனில் பாக்கீஸை ஏற்றிக்கொண்டு போனாள். கையைப் பிடித்து இழுத்த பக்கமெல்லாம் வந்தான்.

பிறைக்குள் கால் வைத்ததும் சில்வண்டுகள் நின்றன.

திறந்த வாசலிலிருந்து குளிர்காற்று வந்தது. அந்த வெயிலில் குளிர். நனைந்த ஆட்டுக் கம்பளியின் வாடை.

முதலில் வாசலை அடைக்க வேண்டும் என்பது கோபத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. புருஷனைப் படுக்கவைத்தாள். தோளைப் பிடித்து ஒருமுறை அந்தப் பக்கம் உருட்டினாள். இந்தப் பக்கம் உருட்டினாள்.

பயம் இறங்கவில்லை.

ஏறியது.

பாக்கீஸின் வாய் திறந்தது. ஒரு கிழவன் இடியைச் சொல்லி அழுதான். ஒரு பெண் யாருக்கும் விளங்காத ஏதோ பழைய மொழியில் கதறினாள். காலங்காலமாக அங்கே இறக்கிவைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவன் தொண்டையில் வந்துகொண்டிருந்தது.

பிறகு ஒரு சிறுமி.

"அண்ணே, தம்பி கையை விட்டுராத. அண்ணே, விட்டுராத."

அது அவள் குரல்.

கிணற்று விளிம்பு தெரிந்தது. மியாலினுவை ஒற்றைக் கையில் தொங்கவிட்டபடி, "அப்பாட்ட சொல்லுவியா? சொல்லுவியா?" என்று சிரிக்கிற காவினு தெரிந்தான். பிரிகிற விரல்கள் தெரிந்தன. சாவு வீட்டில் எல்லோரையும்விட ஓங்கி அழுதவன் அவன்தான். இத்தனை வருஷமாக இந்தப் பாவிக்கு, அவன் பெயர்கொண்ட புனிதரின் திருநாளுக்குப் பலகாரம் செய்து கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்!

வேனைப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டே வந்த காவினு பாதி வழியில் அந்தக் குரலைக் கேட்டான். முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி ஓடினான். கெஞ்சிக் கேட்டபோது தராத கல்லை, இப்போது தானாகவே டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். பாக்கீஸுக்காக அவளும் தோள்கொடுத்துத் தள்ளினாள். கல் வாசலில் பொருந்தியது.

சில்வண்டுகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

"ஏன்டி என்னைய மண்ணுல பொரட்டிப் போட்டிருக்க? நான் என்ன வறுக்குற மீனா?" என்று இருமினான் பாக்கீஸ். அவனுடைய சொந்தக் குரல்தான். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான்.

காவினு தங்கையின் முகத்தையே உற்றுப் பார்த்தான், மறந்துவிட்டாளா என்று. அவள் மறக்கவில்லை. அந்த மண் வாங்கிக்கொள்வது பயத்தை மட்டும்தான். அவளிடம் இப்போது இருந்தது கோபம்.

காவினு வாசலுக்கு முன்னால் தானாகவே மண்ணில் படுத்தான்.

"என்னையும் உருட்டிவிடு அந்தியோகா. கண்ண மூடுனா கெணறு தெரியுது. எனக்குன்னு ஒன்னைய விட்டா யாரு இருக்கா."

உண்மைதான். அம்மா இல்லை, மனைவி இல்லை. அந்த வீட்டுப் பெண் அவள் ஒருத்திதான்.

"மாட்டேன். நீயே வச்சுக்க," என்றாள். புருஷனை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு வேனுக்கு நடந்தாள்.

மறுநாள் போலீஸுக்குப் போகிற வழியில் அண்ணன் வீட்டு வாசலில் அவள் நின்றாள். முற்றம் நிறைய விருந்தாளிகள். வரவேற்கிற சிரிப்போடு காவினு வாயைத் திறந்தான்.

"அண்ணே, தண்ணி ரொம்பக் குளிருது."

நாலு வயதுப் பிள்ளையின் குரல். ஏதோ வித்தை காட்டுகிறான் என்று விருந்தாளிகள் சிரித்துக் கைதட்டினார்கள்.

காவினு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அண்ணே, என்னைய மேல தூக்கு," என்றது குரல், அப்போதும் தெளிவாக.