நூறு குழித் தோட்டம்

வந்த பெண்மணி நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார். மழைக்கு முந்தைய புழுக்கம். அறையில் காற்றே இல்லை. கொண்டுவந்த தாளை மேசைமேல் வைத்த பிறகும் அதிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நாளைக்கு இதுல கையெழுத்துப் போடணும்னு கொழுந்தன் சொல்றாருங்க. என் வீட்டுக்காரர் காணாமப் போய் ரெண்டு வருஷமாச்சு. உசுரோட இருக்காரா இல்லையான்னே தெரியாம, தோட்டத்துல அவர் பங்கை எப்படிங்க விக்கிறது?"

சங்கிலியார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். காலமெல்லாம் நில அளவைச் சங்கிலியை இழுத்தவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகும் நிலத் தகராறு என்றால் ஊர் அவரிடம்தான் வரும். பக்கத்தில் அவருடைய மைத்துனர், தையல்காரர். கடையில் சட்டைகள் காத்துக் கிடக்க, அத்தானின் வழக்குகளுக்குப் பொத்தான் தைப்பதே அவருக்கு முழுநேர வேலை.

"பழைய கணக்குல நூறு குழி. மெட்ரிக்ல 1,124 சதுர மீட்டர்னு போட்டிருக்கு," என்றார் சங்கிலியார். "ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் இருந்தா அது ஒரு குழி. ஆனா கோலோட நீளம் இடத்துக்கு இடம் மாறும். உங்க கொழுந்தன் பதினோரு அடிக் கோல்னு வச்சு மாத்தியிருக்கார். உங்க குடும்பத்துக் கோல் எத்தனை அடிம்மா?"

"தெரியாதுங்க. 'கிணறு சரியா ஒரு குழி, தோட்டம் அதுபோல நூறு, நாலு பக்கமும் பத்துப் பத்துக் கோல்'னு அவர் பெருமையாச் சொல்லிட்டே இருப்பார். மக பிரசவத்துக்குப் போய் மூணு மாசம் கழிச்சு வந்தேன், ஆளைக் காணோம். தோட்டத்தை விக்கிற பேச்சுல அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னாரு தம்பி. தோட்டங்கூடச் சின்னதாத் தெரிஞ்சுது. மனசு சுருங்கினா எல்லாம் சுருங்கித்தானே தெரியும்னு விட்டுட்டேன்." எழுந்தவர் வாசலில் நின்றார். "இன்னிவரைக்கும் வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லைங்க. அவர் வந்தா தட்டிட்டு நிக்கக் கூடாது பாருங்க."

அன்று மாலையே இருவரும் பெண்மணியின் வீட்டை ஒட்டிய தோட்டத்துக்குப் போனார்கள். சதுரக் கிணறு, உள்ளே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. தையல்காரர் கழுத்திலிருந்த நாடாவை உருவி விளிம்பில் வைத்து வைத்து அளந்தார்.

"பன்னிரண்டு அடி அத்தான்! நாலு பக்கமும் நூல் பிசகலை!"

"அப்ப கோல் பன்னிரண்டு அடி. நூறு குழிக்கு 1,338 சதுர மீட்டர் வரணும்."

"இருநூத்துச் சொச்சம் சதுர மீட்டரை முழுங்கி ஏப்பம் விட்டுட்டானே! அண்ணியை நல்லா ஏமாத்தியிருக்கான்."

"அவசரப்படாதே மச்சான். வித்தா பாதி அவனுக்கும்தானே? அடுத்தவன் வரப்பைச் சாண் சாணாத் தின்னவங்களை நிறையப் பார்த்திருக்கேன். தன் நிலத்தையே குறைச்சுக் காட்டுறவனை இப்பதான் பார்க்கிறேன்."

தெருப்பக்கச் சுவரை அளந்தார்கள், நூற்றிருபது அடி. பக்கச் சுவர்களோ நூற்றொரு அடியில் முடிந்தன. பின்சுவரைச் சாவியால் சுரண்டினார். மற்ற மூன்றும் சுண்ணாம்புக் காரை, இது சிமெண்ட். எட்டிப் பார்த்தால் ஆளுயரப் புதர். அதற்குள் பழைய பக்கச் சுவர்களின் அடித்தளம் இன்னும் பத்தொன்பது அடி ஓடி நின்றது.

மறுநாள் காலை கையெழுத்துக்காக எல்லோரும் கிணற்றடியில் கூடினார்கள். தோட்டத்தை வாங்கவிருந்த கட்டட ஒப்பந்தக்காரர் தன் ஆட்கள் இருவரோடு வந்திருந்தார். சங்கிலியார் அழைத்ததால் இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார்.

"எங்க கோல் பதினோரு அடிதான்," என்றார் கொழுந்தன். "அந்தச் சுவர் தாத்தா கட்டினது. நான் பூசினேன், அவ்வளவுதான்."

"பன்னிரண்டு அடிக் கிணத்தைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு இப்படிச் சொல்றது, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மாதிரி," என்றார் சங்கிலியார் அமைதியாக. "சுவரைப் பத்தொன்பது அடி உள்ளே தள்ளிக் கட்டினீங்க. மிஞ்சின நிலத்துக்குப் பொருந்துற கோலைத் தேடினீங்க. பதினோரு அடிக் கோல் கணக்குக்கு ஒத்து வந்துச்சு. ஏன் தள்ளணும்? வாங்குறவர் தோட்டம் பூரா அஸ்திவாரம் தோண்டுவார். அந்தத் துண்டுல மட்டும் யாரும் தோண்டக் கூடாது. தோட்டத்தை விக்க மாட்டேன்னு சொன்ன உங்க அண்ணன், அங்கதானே இருக்கார்?"

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க!"

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். ஒப்பந்தக்காரரின் ஆட்கள் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவு இடித்து, புதரை வெட்டி, இடது மூலையில் மண்ணைத் தோண்டத் தொடங்கினார்கள். முழங்கால் ஆழம் போயிற்று, ஒன்றுமில்லை. இடுப்பளவு போயிற்று, வெறும் மண். தையல்காரர் அத்தானைக் கவலையோடு பார்த்தார். கொழுந்தனின் முகத்தில் நிம்மதி வரவில்லை, வியர்வைதான் வந்தது.

அந்தப் பெண்மணி குழியின் ஓரத்தில் மண்டியிட்டு, மேலே வந்த மண்ணைக் கையால் கிளறிக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

கொழுந்தனால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அங்க இல்லை அண்ணி," என்றார் தழுதழுத்த குரலில். "வலது மூலையில தோண்டச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் அவர் தோளைப் பிடித்தார். அந்தப் பெண்மணி அழவில்லை. மெல்ல எழுந்து வீட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்து, அவர் வாசற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.